எழுபத்திரண்டு வோல்ட்

ஒரு பழைய பிக்கப்பைத் தாழ்த்த
அறுக்கும் சக்கரம் ஒன்றும் அரை நாளும் போதும்.
ஹெரால்டோ அப்படித்தான் செய்தான்.
ஸ்பிரிங்குகளை வெட்டினான்,
துண்டுகளைச் சுவரோரம் வீசினான்,
மறுவாரம் வேலை தேடி ஆல்புகெர்க்கிக்குப் போனவன்
அங்கேயே தங்கிவிட்டான்.
வண்டி என் பெயரில் இருந்தது.
கடனும்.

மூன்று வருடம்
எஸ்பன்யோலாவின் ஒவ்வொரு வேகத்தடையிலும்
வயிறு உரசப் போனேன்.
வண்டியின் வயிறு என்று சொல்ல வேண்டும்,
வாய் தவறி வருகிறது.
பள்ளிச் சமையலறைக்குப் போகும் வழியில்
மாடுகள் தாண்டாதிருக்கப் பதித்த இரும்புக் குழாய்கள்.
அங்கே தினமும் இரண்டு முறை
சைலன்சர் செத்துப் பிழைத்தது.
குட்டக் குட்டக் குனிகிறவளை
என்னவென்று சொல்வார்கள், தெரியும்தானே.

பிப்ரவரியில் வரிப்பணம் கொஞ்சம் திரும்பி வந்தது.
கொட்டகைக் கூரை ஒழுகுகிறதே என்றாள் தங்கை பிரிமிதீவா.
ஒழுகட்டும் என்று
இரண்டு பம்ப் வாங்கினேன்.
ஆறு பேட்டரி கடனுக்கு.
சிலிண்டர்கள் நான்கும் யாரோ கழற்றி விற்றவை,
ஒன்றில் இன்னும் பழைய ஊதாப் பெயிண்ட்.

வெல்டிங் பிடிக்க உபால்டோ வந்தான்.
தண்ணீர் வாரியத்தில் குழாய் ஒட்டுகிறவன்,
பேச்சுக்குப் பஞ்சம், காப்பிக்கு நாலு கரண்டி சர்க்கரை.
"முதலில் எலும்பு" என்றான்.
அடிச்சட்டத்துக்குத் தகடு வைக்காமல் தூக்கினால்
வண்டி தன் பலத்தாலேயே தன்னை முறித்துக்கொள்ளும்.
மூன்று சனிக்கிழமை மல்லாந்து கிடந்தேன்.
தேய்க்கத் தேய்க்கத் துரு
கண்ணிமையில் உதிர்ந்தது.
பின் அச்சு இடிக்காதிருக்க
சட்டத்தில் பிறைபோல் ஒரு வளைவு வெட்டினோம்.

ஹெரால்டோ வீசிய துண்டுகள் சுவரோரமே கிடந்தன.
சிலிண்டருக்கு மேல் வைக்க ஆகுமா என்று கேட்டேன்.
கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து,
"தாங்காது" என்றான்.
எடைக்குப் போட்டேன்.
நாலு டாலர்.

கடைசிக் கம்பியைப் பூட்டும் முன்
மோதிரம் இருந்தால் கழற்று என்றான்,
தங்கத்தில் பட்டால் விரலோடு உருகிவிடும்.
எப்போதோ கழற்றியாயிற்று என்றேன்.
விரலில் வெளுத்திருந்த வளையத்தைப்
பசை என்று நினைத்தானோ என்னவோ,
துடைக்கத் துணியை நீட்டினான்.
நானும் துடைத்தேன்.

முதல் சுவிட்ச்.
பம்ப் உறுமியது, ஹோஸ் ஒன்று பிய்த்துக்கொண்டது,
ஒழுகும் கூரை அன்றிலிருந்து
எண்ணெயும் ஒழுகியது.

இரண்டாம் நாள்
மூன்று மூலைகள் எழுந்தன.
வலது பின்பக்கம் மட்டும் வால்வு சிக்கி
உட்கார்ந்தே இருந்தது.
இடது முன்சக்கரம் அந்தரத்தில்,
மின்கம்பத்தைக் கண்ட நாய் போல.
பிரிமிதீவா சிரித்துச் சிரித்து
மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
உபால்டோ சிரித்து
அன்றுதான் பார்த்தேன்.
முன்பல் ஒன்று இல்லை.

புனித வெள்ளி.
சிமாயோ கோவிலுக்கு
விடியுமுன்பே சாலையோரமாக ஜனம் நடந்தது.
இரும்புக் குழாய்களருகே நிறுத்தி,
சுவிட்சைத் தட்டினேன்.
முன்னால் ஒரு மூச்சு, பின்னால் ஒரு மூச்சு.
சத்தமில்லாமல் தாண்டினோம்.
தாண்டியதும் மறுபடி இறக்கினேன்.
தாழ்ந்து போவதில் எனக்கு வருத்தமே இல்லை.
எழ முடிகிறவரை.

வளைவில் ஒரு அம்மாள் ஒற்றைக்காலில் தடுமாறினாள்.
ஏறிக்கொள்ளுங்கள் என்றேன்.
நடப்பதாக வேண்டுதல், கூடாது என்றாள்.
பின் கதவைத் திறந்து,
பிக்கப்பை அவள் முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன்.
உட்காரலாமா என்று
வானத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.
ஷூவைக் கழற்றித் தட்டினாள்.
ஒரு கூழாங்கல்.
வீசி எறியப் போனவள்
என்ன நினைத்தாளோ,
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
நடந்தாள்.